நாசிக்கில் காலையில் மலை, மாலையில் ஒயின்: நான்கு நாளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி இதுதான். சென்னையிலிருந்து நான்கு நண்பர்கள், எல்லாரும் முப்பதுகளில். கையில் நான்கு நாள் விடுமுறை. இரண்டு பேருக்கு மலையேற்றம் பழக்கம், ஒருவருக்கு ஒயினில் ஆர்வம், ஒருவர் குடிப்பதே இல்லை. நாசிக் போனால் மலையையும் ஒயினையும் சேர்த்து அனுபவிக்க முடியுமா? எந்த மாதம் போகலாம்? இல்லை, பக்கத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கு போதுமா?

முடியும். இந்தியாவில் இதற்கு நாசிக்கை விடப் பொருத்தமான ஊர் இல்லை என்றே சொல்வேன். சஹ்யாத்ரி மலைத்தொடரின் கோட்டைகளும் நாட்டின் பெரிய ஒயின் ஆலைகளும் ஒரு மணி நேரக் கார் தூரத்துக்குள் இருக்கின்றன. ஆனால் பலரும் போடும் திட்டத்தில் ஒரு கோளாறு உண்டு. ஒயின் ஆலைகளை முதலில் எழுதிவிட்டு, நடுவில் கிடைக்கும் இடைவெளியில் மலையைச் செருகுவார்கள். அதைத் தலைகீழாகப் போடுங்கள். விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கியாக வேண்டும். மலையோடு பேரம் பேச முடியாது. ஒயின் ஆலை மதியம் மூன்று மணிக்கும் திறந்திருக்கும், ஐந்து மணிக்கும் திறந்திருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு மலை, அது காலையில். ஒரே ஒரு ஆலை, அது மாலையில். இரண்டும் ஒரே சாலையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் மாதம். இங்கேதான் இரண்டு ஆசைகளும் முட்டிக்கொள்கின்றன. சஹ்யாத்ரி மலைகள் மிக அழகாக இருப்பது ஜூலை முதல் செப்டம்பர் வரை. எங்கு பார்த்தாலும் அருவி, பச்சை, மூடுபனி. திராட்சை அறுவடையோ ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவில் கோடை முடிந்து செப்டம்பர் வாக்கில் பழம் பறிப்பார்கள். நாசிக்கில் அப்படிச் செய்ய முடியாது, ஏனென்றால் இங்கே அந்த மாதங்களில் மழை. பழுக்கும் பழத்தில் மழை விழுந்தால் அழுகல்தான். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள், அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். ஏப்ரலில் ஒன்று, கொடியைப் பலப்படுத்த. மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, காய்ப்புக்காக. காய் பனிக்காலத்தில் வளர்ந்து, பகலில் நல்ல வெயிலும் இரவில் 10 டிகிரிக்குப் பக்கத்தில் குளிரும் வாங்கிப் பழுக்கிறது. நாசிக் ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் அந்த இரவுக் குளிர் கிடைக்கிறது. பழத்தில் புளிப்பு தங்குவதும் அந்தக் குளிரால்தான். புளிப்பு இல்லாத திராட்சையில் ஒயின் செய்தால் சப்பென்று இருக்கும்.

ஆக, அருவியும் அறுவடையும் ஒரே பயணத்தில் கிடைக்காது. என் சிபாரிசு ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. மலை காய்ந்து பழுப்பாக இருக்கும், உண்மைதான். ஆனால் பாறை வழுக்காது, வானம் தெளிவாக இருக்கும், கொடியில் பழம் தொங்கும், ஆலையில் வேலை நடக்கும். பச்சைதான் முக்கியம் என்பவர்கள் செப்டம்பர் பின்பகுதியில் போகலாம். மேட்டுநிலங்களில் மஞ்சள் சோன்கிப் பூ பூத்திருக்கும், பெருமழை குறைந்திருக்கும். கொடியில் பழம் இருக்காது, அவ்வளவுதான். கண்ணாடிக் குவளையில் இருப்பது எப்படியும் முந்தைய அறுவடையின் பழம்தானே. ஏப்ரல், மே மாதங்களை மறந்துவிடுங்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. ஜனவரி 26-ஐ ஒட்டி நீண்ட விடுமுறை கிடைத்தால் உடனே டிக்கெட் போடத் தோன்றும். அன்று நாடு முழுக்க மதுவிலக்கு நாள். ஆலையில் சுற்றிப் பார்க்கலாம், ருசிக்க முடியாது. தேர்தல் வந்தாலும் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் அப்படித்தான். மகா சிவராத்திரியில் திரயம்பகேஸ்வரம் போகும் சாலையில் கார் நகராது. 2027-இல் நாசிக்கிலும் திரயம்பகத்திலும் சிம்மஸ்த கும்பமேளா வருகிறது, முக்கிய நீராடல்கள் நடக்கும் மாதங்களில் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். சனி, ஞாயிறும் தவிர்க்கப் பாருங்கள். மும்பையும் புனேவும் மொத்தமாக அங்கே வந்து இறங்கும். செவ்வாய் முதல் வியாழன் வரை போனால், டேஸ்டிங் ரூமில் ஊற்றிக் கொடுப்பவர் உங்களிடம் நின்று பேசுவார்.

இப்போது வரைபடம். நாசிக்கை நடுவில் வைத்துக்கொண்டால் மூன்று திசைகள் முக்கியம். தென்மேற்கே மும்பை போகும் வழியில் இகத்புரி. மேற்கே கங்காப்பூர் அணையும் திரயம்பகச் சாலையும். வடக்கே திண்டோரி. கிழக்கே நிஃபாட் பக்கம் முழுக்கத் திராட்சைத் தோட்டம்தான், ஆனால் பெரும்பாலும் சாப்பிடும் திராட்சை. ஒவ்வொரு திசையிலும் ஒரு மலையையோ நீரையோ ஒரு ஆலையோடு ஜோடி சேர்த்தால் திட்டம் தானாக அமைந்துவிடும்.

மும்பையில் இறங்கி வருகிறீர்கள் என்றால் முதலில் இகத்புரி. 2025 ஜூனில் சம்ருத்தி விரைவுச்சாலையின் கடைசிப் பகுதி திறந்த பிறகு கசாரா மலைப்பாதையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் வேலை மிச்சம். ரயிலிலும் வரலாம், நாசிக் போகும் பல ரயில்கள் இகத்புரியில் நிற்கும். முதல் நாள் எதையும் ஏறாதீர்கள். விமானம், கார் எல்லாம் முடிந்து வந்த உடம்போடு அன்று மாலையே ருசிக்கப் போனால் பாதியில் தூக்கம் வரும். முகனே அணைப் பக்கம் நடந்துவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

இரண்டாம் நாள் கல்சுபாய். மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரம், 1,646 மீட்டர். அடிவாரம் பாரி என்ற கிராமம். காலை ஐந்தரை, ஆறு மணிக்கு ஹெட்லேம்ப் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஜனவரியில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வரும். வயல் வரப்பு, படிக்கட்டு, செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் என்று வழி மாறிக்கொண்டே இருக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். உச்சியில் கல்சுபாய் அம்மனுக்கு ஒரு சிறு கோயில். கிராமத்துக்காரர்கள் வழியில் எலுமிச்சைச் சர்பத்தும் மோரும் விற்பார்கள், வாங்கிக் குடியுங்கள். இந்த மலைக்குத் தொழில்நுட்பத் திறமை எதுவும் தேவையில்லை, பொறுமை போதும். அதனால் உங்கள் நால்வரும் சேர்ந்தே போகலாம். இறங்கி வந்ததும் பாரியிலேயே ஏதாவது வீட்டில் பிட்லா, பாக்ரி சாப்பாடு கிடைக்கும். கடலைமாவுக் குழம்பும் கனமான ரொட்டியும், தொட்டுக்கொள்ள மிளகாய் டேச்சா. அவ்வளவு நேரம் மலையில் இருந்துவிட்டு வந்தவருக்கு அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது. டேச்சாவில் மட்டும் கை வைக்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

அன்று மாலைக்கு கவ்னாய் கிராமத்தில் இருக்கும் வல்லோனே ஆலை. முகனே அணையைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஆலை. சில அறைகளும் இருக்கின்றன. இடம் கிடைத்தால் அங்கேயே தங்கிவிடுங்கள், ஏனென்றால் ருசித்த பிறகு எங்கும் போக வேண்டியதில்லை. பெரிய ஆலையில் கிடைக்கும் ஆரவாரம் இங்கே இருக்காது. முதன்முதலாக ஒயினை ஒழுங்காக ருசித்துப் பார்க்க விரும்புபவருக்கு அதுவே நல்லது. கல்சுபாய் வேண்டாம், எளிதாக ஏதாவது போதும் என்றால் அதே ஊரில் கவ்னாய் கோட்டை இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். க்ரோவர் ஸாம்பா என்ற ஒயின் நிறுவனத்தின் நாசிக் ஆலையும் இதே தாலுகாவில் சஞ்சேகாவில்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டு ஆலை வேண்டாம். நான்காவது, ஐந்தாவது குவளைக்குப் பிறகு நாக்கு மரத்துவிடும். இரண்டாவது ஆலையில் நீங்கள் ருசிக்க மாட்டீர்கள், குடிப்பீர்கள்.

மூன்றாம் நாள் மேற்கே. இங்கே எல்லாரும் கேட்பது ஹரிஹர் கோட்டை. இணையத்தில் அந்தப் படிக்கட்டுப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் செதுக்கிய படிகள் ஏறக்குறைய 80 டிகிரி சரிவில், ஒரு ஆள் மட்டும் போகும் அகலத்தில் நிற்கும். படிகளின் ஓரத்தில் கைபிடிக்கக் குழிகள் வெட்டியிருக்கிறார்கள். 1818-இல் ஆங்கிலேயர் இந்தப் பக்கத்துக் கோட்டைகளைப் பிடித்தபோது பல இடங்களில் படிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள், ஹரிஹர் படிகள் தப்பித்துவிட்டன. ஏறுவது பயமில்லை, முகம் பாறையைப் பார்த்திருக்கும். இறங்கும்போதுதான் தெரியும். பாறையைப் பார்த்தபடியே, ஏணியில் இறங்குவது போல் பின்பக்கமாக இறங்க வேண்டும்.

ஆனால் கல்சுபாய்க்கு மறுநாள் ஹரிஹர் போகாதீர்கள். இறக்கத்தில்தான் தொடைத் தசைக்கு அதிக அடி. அந்த வலி மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். நடுங்கும் தொடையோடு அந்தப் படியில் நிற்பது விளையாட்டில்லை. பழக்கமுள்ள இருவருக்கும் ஹரிஹர்தான் கனவு என்றால் இரண்டாம் நாள் கல்சுபாயை விட்டுவிட்டு கவ்னாயோடு நிறுத்திக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் ஹரிஹருக்கு என் ஓட்டு கிடையாது. ஈரப்பாறை, மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, நடுவில் நீங்கள். எந்தக் காலத்தில் ஹரிஹர் போனாலும் முந்தின இரவு குடிக்கக் கூடாது, அதனால் போகிற இருவரும் வல்லோனேயில் ருசிப்பதைத் தவிர்க்கட்டும்.

மற்றவர்களுக்கு அஞ்சனேரி. நாசிக்கிலிருந்து திரயம்பகச் சாலையில் 20 கிலோமீட்டர். சுமார் 1,300 மீட்டர் உயரம், பாதிக்குப் படிக்கட்டு, பிறகு விசாலமான மேட்டுநிலம், ஒரு குளம், மேலே அஞ்சனை கோயில். அனுமன் பிறந்த இடம் இதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹம்பிக்காரர்கள் ஆஞ்சநேயர் எங்கள் ஊர் என்பார்கள், திருமலையும் அதே உரிமை கொண்டாடுகிறது. அந்தப் பஞ்சாயத்துக்குள் நாம் போக வேண்டாம், குரங்குகளிடம் பையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் மிகச் சில இடங்களில் மட்டுமே வளரும் செரோபீஜியா அஞ்சனேரிகா என்ற செடிக்கு இந்த மலையின் பெயர்தான். அது பூப்பது மழையில். வீட்டுப் பெரியவர்கள் கூட வந்தால் அவர்களைத் திரயம்பகேஸ்வரர் தரிசனத்துக்கு அனுப்பிவிட்டு நீங்கள் மலை ஏறலாம். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று, கோதாவரி பிறக்கும் பிரம்மகிரி அதற்கு மேலேதான்.

அன்று மாலை கங்காப்பூர் அணைப் பக்கம். சூலா, யார்க், சோமா என்ற மூன்று ஆலைகளும் இங்கே பக்கத்துப் பக்கத்தில். சூலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாசிக்கில் இன்று இருக்கும் இந்தத் தொழில் அவர்களைச் சுற்றி வளர்ந்ததுதான். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து ஆரக்கிளில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த் ஊர் திரும்பி, குடும்ப நிலத்தில் 1990-களின் இறுதியில் சாவிஞோன் ப்ளாங், ஷெனின் ப்ளாங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை வகைகளை நட்டார். 2000-இல் முதல் ஒயின் கடைக்கு வந்தது. அம்மாவின் பெயர் சுலபா, அதிலிருந்துதான் சூலா. 2001-இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச் சலுகை தந்ததும் சுற்றிலும் ஆலைகள் முளைத்தன. 2005-இல் சூலா டேஸ்டிங் ரூம் திறந்தது. இந்திய ஒயின் ஆலை ஒன்றில் பொதுமக்கள் போய் உட்கார்ந்து ருசிக்கும் இடம் அதுதான் முதல். யார்க் முன்பு தனிக் குடும்பத்தின் ஆலை, 2021-இல் சூலா வாங்கிவிட்டது.

சூலாவில் ஆலையைச் சுற்றிக் காட்டும் டூர் ஒழுங்காக இருக்கும், எஃகுத் தொட்டிகள், ஓக் பீப்பாய்கள் எல்லாம் பார்க்கலாம். முதல் தடவை போகிறவர்கள் டூருக்கு சூலா போங்கள். ஏற்கனவே ஒன்றிரண்டு ஆலை பார்த்தவர்கள் யார்க் போகலாம், அணையைப் பார்த்த மாடியில் உட்கார்ந்து சூரியன் இறங்குவதைப் பார்க்க அதுதான் நல்ல இடம். அறுவடைக் காலத்தில் திராட்சை மிதிக்கும் நிகழ்ச்சி வைத்து டிக்கெட் விற்பார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும். அந்தச் சாறு பாட்டிலுக்குப் போகாது. எனக்கு அதில் ஆர்வம் இல்லை, குழந்தைகள் இருந்தால் குதூகலப்படுவார்கள்.

அணைத் தண்ணீரில் மகாராஷ்டிர சுற்றுலாக் கழகத்தின் படகுத் துறை இருக்கிறது. அதற்குப் போவதென்றால் காலையில் போய்விடுங்கள். ருசித்து முடித்த பிறகு தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது, லைஃப் ஜாக்கெட் இருந்தாலும் சரி.

நான்காம் நாள் திரும்பும் நாள். திண்டோரிச் சாலையில் ராம்சேஜ் கோட்டை, ஒரு மணி நேர ஏற்றம். அந்தச் சின்னக் கோட்டையைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை 1680-களில் வருடக் கணக்கில் முற்றுகையிட்டுத் திணறியது என்பதை மேலே நின்று பார்த்தால் நம்பவே முடியாது. ஷாந்தோன் ஆலை இந்தத் திண்டோரிப் பக்கம்தான், பொங்கும் ஒயினுக்குப் பேர்போனது. போவதென்றால் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கால் வலிக்கிறது என்பவர்களுக்கு வேறொரு யோசனை: நிஃபாட் தாலுகாவில் நந்தூர் மத்மேஷ்வர் பறவைகள் சரணாலயம். 2020-இல் மகாராஷ்டிரத்தின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பனிக்காலத்தில் வலசை வரும் வாத்துகளும் பூநாரைகளும் அங்கே இருக்கும், விடியலில் மட்டும் போங்கள். நகருக்குள்ளேயே வேண்டுமென்றால் பாண்டவ்லேணி. 24 குகைகள், சாதவாகனர் காலத்துக் கல்வெட்டுகள், இருபது நிமிட ஏற்றம்.

சரி, ருசிப்பதற்கு வருவோம். மலையிலிருந்து வருபவருக்கு மற்றவர்களுக்கு இல்லாத இரண்டு பிரச்சினைகள் உண்டு. ஒன்று உடம்பில் நீர் குறைந்திருக்கும். தாகத்தோடு போனால் முதல் குவளையைத் தண்ணீர் போல் குடித்துவிடுவீர்கள். மதுவே சிறுநீரை அதிகமாக்கும், ஆகவே நிலைமை இன்னும் மோசமாகும். இறங்கியதும் ஒரு லிட்டர் தண்ணீர் அல்லது உப்புச் சர்க்கரைக் கரைசல், வயிறார ஒரு சாப்பாடு, குளியல், ஒரு மணி நேரப் படுக்கை, பிறகு போங்கள். இரண்டாவது பிரச்சினை வாசனை. ஒயினின் ருசியில் பெரும்பங்கு மூக்கில்தான். முழங்கால் வலிக்குத் தடவிய அமிர்தாஞ்சனும், கொசுவுக்கு அடித்த ஸ்ப்ரேயும், வெயிலுக்குப் பூசிய க்ரீமும் சேர்ந்து மணந்தால், உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்து மேசைக்கும் ஒன்றும் விளங்காது. தைலத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டேஸ்டிங் என்றால் ஐந்தாறு வகை, ஒவ்வொன்றும் 30 மில்லி அளவில் ஊற்றுவார்கள். முதலில் பொங்கும் ஒயின், பிறகு வெள்ளை, ரோசே என்ற இளஞ்சிவப்பு, சிவப்பு, கடைசியில் இனிப்பு. இந்த வரிசையை மாற்றினால் மெல்லியது வலியதற்குப் பின்னால் வந்து ருசியே தெரியாது. துப்புவதற்குக் கிண்ணம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை, தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் துப்பத்தான் செய்கிறார்கள். நாசிக்கில் நான் முதலில் வெள்ளையைத்தான் பார்க்கச் சொல்வேன். சாவிஞோன் ப்ளாங்கில் பச்சைக் குடைமிளகாய், நறுக்கிய புல் மாதிரி ஒரு வாசனை வரும். ஷெனின் ப்ளாங் கொஞ்சம் இனிப்பாகச் செய்கிறார்கள், புதிதாகத் தொடங்குபவருக்கு அது இதமாக இருக்கும். அதே ஷெனின் பழத்தைக் கொடியிலேயே அதிக நாள் விட்டு எடுக்கும் லேட் ஹார்வெஸ்ட், கடைசிக் குவளைக்கு. சிவப்பில் ஷிராஸ் இந்த மண்ணுக்கு நன்றாக ஒத்துப்போகிறது, மிளகு வாசனை தெரியும்.

டேச்சா விஷயம் இதுதான்: மிளகாய் எரிந்துகொண்டிருக்கும் நாக்கில் துவர்ப்பான சிவப்பு ஒயினை ஊற்றினால் எரிச்சல் இன்னும் ஏறும், பழ ருசி காணாமல் போகும். நாசிக் மிசளுக்கு, அதாவது முளைகட்டிய பயறில் செய்யும் காரக் குழம்புக்கு, பேர்போன ஊர். அதைச் சாப்பிடாமல் வரக் கூடாது, ஆனால் காலை உணவாகச் சாப்பிடுங்கள். மாலையில் காரம் வேண்டுமென்றால் அதோடு அந்த இனிப்பு ஷெனினை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி. இதில் சமரசம் கிடையாது. சட்ட வரம்பு 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். ஐந்தாறு ஊற்றலும் விழுங்கினால் 180 மில்லி ஒயின், அதாவது ஏறக்குறைய 18 கிராம் ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஆள் அதிலேயே வரம்பைத் தாண்டிவிடுவார். உடம்பு ஒரு மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கழிக்கும், காபியோ மோரோ குடித்து வேகப்படுத்த முடியாது. பிடிபட்டால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டுமே. குடிக்காத நண்பர் ஒருவர் இருக்கிறாரே, அவர் ஓட்டட்டும் என்று தோன்றும். விடியலில் எழுந்து மலை ஏறி இறங்கியவரை இரவில் ஓட்டச் சொல்வதும் நியாயமில்லை, அவரும் விடுமுறைக்குத்தானே வந்திருக்கிறார். நாள் முழுக்க ஓட்டுநரோடு டாக்ஸி பேசிவிடுங்கள், நான்காகப் பங்கிட்டால் பெரிய செலவில்லை. அந்த நண்பருக்கு டூரும் தோட்ட நடையும் போதுமான சுவாரசியம். சைக்கிள் வாடகைக்குக் கிடைத்தால் கங்காப்பூர்ச் சாலையில் ஒரு சுற்று வரட்டும். எல்லாரும் வயதுச் சான்று எடுத்துப் போங்கள், கேட்பார்கள்.

கம்பம் பற்றி. திராட்சை பார்க்க வேண்டும், மலை ஏற வேண்டும் என்றால் கம்பம் பள்ளத்தாக்கு அருமையான இடம். பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-இல் கிடைத்தது. நாசிக்கில் ஒயின் திராட்சையைக் கம்பி வேலி போல் நிமிர்த்திக் கட்டுவார்கள். கம்பத்தில் பந்தல், அடியில் குனிந்து நடந்தால் தலைக்கு மேல் கருநீலக் குலைகள். வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை இருக்கும், இது நாசிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் ஆலைக்குப் போய் வரிசையாக ருசித்துப் பார்க்கும் வழக்கம் அங்கே வளரவில்லை, மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கும் மாநிலத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. மலையேற்றத்துக்கும் 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம், தீப்பிடிக்கும் மாதங்களில் மூடிவிடுவார்கள். ஆகவே கம்பம் போங்கள், திராட்சை சாப்பிட, சுருளியில் குளிக்க. ஒயினுக்காகப் போகாதீர்கள்.

நான்கு நாள் கிடைக்காமல் இரண்டே நாள்தான் என்று ஆகிவிட்டால் பெங்களூரு. நந்தி மலைக்குப் பக்கத்தில் தொட்டபள்ளாபுரத்தில் க்ரோவர் ஸாம்பாவின் பழைய ஆலை இருக்கிறது. 1980-களின் கடைசியில் கன்வல் க்ரோவர் பிரெஞ்சு நிபுணர்களை வைத்துத் தொடங்கியது. காலையில் ஸ்கந்தகிரி மலை, அதற்கு ஆன்லைனில் முன்பதிவு வேண்டும், மதியத்துக்கு மேல் ஆலை. சென்னையிலிருந்து வெள்ளி இரவு ரயிலேறினால் ஞாயிறு இரவு வீடு வந்துவிடலாம்.

பாட்டில் வாங்கி வருவது கடைசி விஷயம். கடைசி நாள் வாங்குங்கள். முதல் நாளே வாங்கி, மலை அடிவாரத்தில் வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் நாலு மணி நேரம் போட்டு வைத்தால் ஒயின் வெந்துவிடும். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள், துணியில் சுற்றிப் பெட்டியில் போடுங்கள், பில்லைத் தூக்கி எறியாதீர்கள். விமான நிறுவனத்தின் விதி வேறு, மாநிலங்களின் கலால் விதி வேறு, அதனால் இரண்டொரு பாட்டிலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திரும்பும் வழியில் 80 கிலோமீட்டரில் இருக்கும் சாபுதாரா மலையையும் பார்த்துவிடலாம் என்று டாக்ஸிக்காரர் ஆசை காட்டுவார். அழகான ஊர்தான். ஆனால் எல்லை தாண்டினால் குஜராத், அங்கே மதுவிலக்கு. அந்தப் பக்கம் போவதாக இருந்தால் பாட்டிலைத் திரும்பி வந்த பிறகு வாங்குங்கள்.